கணக்கு மூலை: 4294967297-க்கு ஒரு பக்கம்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “ஐந்து முறை சரியாக வந்தது என்பதற்காக ஆறாவது முறையும் வரும் என்று நம்பிவிடாதீர்கள், சந்தேகம் இருந்தால் 4294967297-ஐக் கேட்டுப் பாருங்கள்” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கேட்டுவிட்டீர்கள். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த எண்ணைப் பற்றித்தான். சரி, மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்தப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: அந்த எண் எங்கிருந்து வந்தது? பார்த்தால் யாரோ ஒருவருடைய தொலைபேசி எண் மாதிரி இருக்கிறதே!

வாய்விட்டுச் சொன்னால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பார்க்கத்தான் தாறுமாறு, பிறந்த விதம் படு ஒழுங்கு. 2-ஐ எடுத்து அதனாலேயே பெருக்குங்கள்: 4. அதையும் அதனாலேயே பெருக்குங்கள்: 16. அப்புறம் 256, 65536. இன்னும் ஒருமுறை பெருக்கினால் 4294967296, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கு. இப்போது ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537, 4294967297. (17-இலிருந்து எல்லாமே 7-இல் முடிவதைக் கவனியுங்கள். 6-இல் முடியும் எண்ணை வர்க்கப்படுத்தினால் மறுபடியும் 6-இல்தான் முடியும். அதனால் இந்த 7 எவ்வளவு தூரம் போனாலும் மாறாது.)

இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். முதல் ஐந்தும் பகா எண்கள். ஃபெர்மாவுக்குத் தொழில் நீதிமன்றத்தில், கணக்கு ஓய்வு நேரத்தில். அவர் 1640-இல் ஃப்ரெனிக்ல் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த வரிசையில் வருவது எல்லாமே பகா எண்தான் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பிறகு 1729 டிசம்பரில் (ஆமாம், ராமானுஜனின் டாக்ஸி எண்தான், இங்கே அது வெறும் ஆண்டு) கோல்ட்பாக் ஒரு கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்கிறாரே, தெரியுமா என்று கேட்டார். கடிதம் போனது 22 வயது ஆய்லருக்கு. 1732-இல் ஆய்லர் பதிலை வைத்தார்:

4294967297 = 641 × 6700417

ஆறாவது எண்ணிலேயே கதை முடிந்துவிட்டது.

கேள்வி: நான் 3, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்துக்கொண்டே போய்ப் பாதியில் விட்டுவிட்டேன். கணினி இல்லாத காலத்தில் ஒருவர் 641-ஐ எப்படிப் பிடித்திருக்க முடியும்? (கல்லூரி மாணவி)

விட்டதில் தப்பில்லை. இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி இருக்கிறது. அதுவரை 6542 பகா எண்கள் உண்டு. 2-இலிருந்து வரிசையாக ஏறினால் 641 என்பது 116-ஆவது. பிடிவாதக்காரர் ஒருவர் ஒரு வாரம் மல்லுக்கட்டினால் கிடைத்துவிடும். ஆனால் ஆய்லருக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. 1732 கட்டுரையில் எப்படிக் கண்டேன் என்று அவர் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து எழுதிய இன்னொரு கட்டுரையில்தான் வழி வெளியே வந்தது. இந்த எண்ணில் எனக்கு மிகப் பிடித்த பகுதியே அதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு பகா எண் 4294967297-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ‘ப’ என்போம். அப்படியானால் 2³²-ஐ ப-வால் வகுத்தால் ஒன்று குறையும். அதாவது மீதியை −1 என்று எழுதலாம். அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக ப-வால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், அவை சுற்றிச் சுற்றி வரும். மீதி 1 என்பது எங்கே முதலில் வருகிறதோ அங்கே ஒரு சுற்று முடிகிறது. 64-ஆவது இடத்தில் 1 வந்துவிட்டதால், சுற்றின் நீளம் 64-ஐ வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும்: 1, 2, 4, 8, 16, 32 அல்லது 64. 32-ஆகவோ அதற்குக் குறைவாகவோ இருந்திருந்தால் 32-ஆவது இடத்திலும் 1 வந்திருக்கும். ஆனால் அங்கே இருப்பது −1. ஆக, சுற்று சரியாக 64.

இன்னொரு பக்கம், எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும் 2-இன் ப−1 ஆவது அடுக்கு மீதி 1-ஐத் தந்தே தீரும். இது ஃபெர்மாவின் சிறு தேற்றம். 1 வருவதெல்லாம் 64-க்கு ஒருமுறைதான் என்றால், ப−1 என்பது 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும். அவ்வளவுதான். 6542 பேர் நின்ற வரிசையில் திடீரென்று கூட்டமே கலைந்துவிட்டது. 64-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களை எழுதுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தாவது ஆளே குற்றவாளி!

வகுத்துப் பார்ப்பதும் எளிது. என் மேசையில் இருக்கும் கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான். பத்து இலக்க எண் அதில் நுழையவே நுழையாது. நுழையத் தேவையும் இல்லை. 65536-ஐ வகுத்து மீதியை எடுங்கள், அந்த மீதியை வர்க்கப்படுத்துங்கள், 1 கூட்டுங்கள். 449-ஐ எடுத்தால், 65536-க்கு 449-இன் 146 மடங்கில் 18 குறைகிறது; 18-இன் வர்க்கம் 324; ஒன்றைக் கூட்டினால் 325. வகுபடவில்லை, போகட்டும். 577-இல் மீதி 335, வர்க்கம் 112225, அதை மறுபடி 577-ஆல் வகுத்தால் 287, ஒன்றைக் கூட்டி 288. அதுவும் இல்லை. இப்போது 641:

65536 = 641 × 102 + 154
154 × 154 + 1 = 23717 = 641 × 37

முடிந்தது. 429 கோடி எண்ணை மடக்கியது ஒரு வகுத்தலும் ஒரு மூன்றிலக்கப் பெருக்கலும். இந்த இரண்டு வரியையும் ஒருமுறையாவது பென்சிலால் போட்டுப் பாருங்கள். கால்குலேட்டரில் தட்டினால் அந்த ருசி கிடைக்காது.

ஒரு பின்குறிப்பு: 1878-இல் லூக்கா இதை இன்னும் இறுக்கினார். 64 போதாது, 128-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களே போதும் என்று காட்டினார். அப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. 257 ஏன் ஆகாது என்பதற்குக் கீழே ஒரு காரணம் வருகிறது. அதையும் கழித்துவிட்டால் முதல் கல்லிலேயே மாங்காய்.

கேள்வி: மீதிக் கணக்கு சொல்லாமல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி 641 வகுக்கும் என்று காட்ட வழி உண்டா? (ஆசிரியர்)

உண்டு. ஆய்லர் வழியைவிட இதுதான் அழகு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. இது விடையைத் தெரிந்துகொண்டு செய்கிற வித்தை. ஆனால் வித்தை நல்ல வித்தை.

641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இன்னொன்று, 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. முதல் வடிவத்தை 2²⁸-ஆல் பெருக்குங்கள்:

641 × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³²

இதில் 5⁴ × 2²⁸ என்பது வேறொன்றுமில்லை, 5 × 2⁷-இன் நான்காம் அடுக்கு, அதாவது 640⁴. ஆகவே 2³² = 641 × 2²⁸ − 640⁴. இரு பக்கமும் 1 கூட்டினால்,

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

அடைப்புக்குள் இருப்பதைப் பிரித்தால் 639 × 641 × 409601. வலப்பக்கம் இரண்டிலும் 641 உட்கார்ந்திருக்கிறது. எனவே மொத்தமும் வகுபடும். ஈவு வேண்டுமா? 2²⁸-இலிருந்து 639 × 409601-ஐக் கழியுங்கள்: 268435456 − 261735039 = 6700417. பத்து இலக்க எண்ணை வகுக்காமலேயே ஈவு வந்துவிட்டது. இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும், பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு எளிது என்றால் ஃபெர்மா ஏன் கோட்டைவிட்டார்?

எனக்கும் இது உறுத்தல்தான். மேலே ஆய்லர் வழிக்குத் தேவைப்பட்ட சிறு தேற்றமே ஃபெர்மாவுடையது. அதையும் இந்த ஊகத்தையும் அவர் எழுதியது ஒரே 1640-இல். அதே ஆண்டு, 2³⁷ − 1 பகா எண் அல்ல, 223 அதை வகுக்கும் என்று கண்டவரும் அவரேதான். அங்கே அவர் பிடித்த வழியும் இதேதான்: வகுக்கும் எண் 37-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும்; 223 = 37 × 6 + 1. ஆக, கருவி கையில் இருந்தது, பழக்கமும் இருந்தது. 641-ஐப் போட்டுப் பார்த்து எங்கோ ஒரு பெருக்கலில் சறுக்கியிருப்பார் என்பது என் ஊகம். 154-இன் வர்க்கத்தில் ஓர் இலக்கம் தவறினால் போதும், 641 தப்பித்துவிடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, 2-ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால் பகா எண் இல்லை என்பது நிச்சயம். வந்தால்? பெரும்பாலும் பகா எண்தான், ஆனால் நிச்சயமில்லை. நம்முடைய எண் இந்தச் சோதனையில் ஜோராகத் தேறிவிடும். 2⁶⁴-இல் மீதி 1 வந்துவிடுகிறது. நமக்கு வேண்டிய அடுக்கு 2³², அது 64-இன் மடங்கு. எனவே அங்கேயும் 1-தான். உள்ளே 641-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். எல்லா ஃபெர்மா எண்களும் 2-இடம் இப்படித்தான் நடந்துகொள்ளும். 2-க்குப் பதில் 3-ஐ வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்: 1 வர வேண்டிய இடத்தில் 3029026160 என்று மீதி வரும். 3-ஐ வைத்தே ஃபெர்மா எண்களுக்கு ஐயமில்லாத ஒரு சோதனையை 1877-இல் பெபின் அமைத்தார். இன்றும் அதுதான் நடைமுறை.

கேள்வி: இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 59, அப்புறம் 14, அப்புறம் 5. இது அதிர்ஷ்ட எண்ணா?

9-ஆல் வகுத்தால் மீதி 5 என்று பொருள். 3-ஆல் வகுபடாது என்பதும் தெரிகிறது. வேறு எந்தச் செய்தியும் அதில் இல்லை.

கேள்வி: மென்பொருள் வேலையில் 4294967295 என்ற எண்ணை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் சொல்வது அதற்கு இரண்டு அதிகம். சம்பந்தம் உண்டா?

நெருங்கிய சம்பந்தம். 32 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4294967295. 0-ஐயும் சேர்த்தால் மொத்தம் 4294967296 எண்கள். பழைய முறை இணைய முகவரிகள் 429 கோடியோடு நின்றுபோனதும் இதனால்தான். நம்முடைய எண்ணை இரும முறையில் எழுதினால் ஒரு 1, அப்புறம் 31 பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 1. மொத்தம் 33 இலக்கம். அதை 32 பிட் இடத்தில் திணித்தால் முன்னால் இருக்கும் 1 வெளியே விழுந்து, வெறும் 1 மிஞ்சும். குறிகள் கொண்ட எண்ணோ இல்லாததோ, விளைவு ஒன்றுதான். 429 கோடி ஒன்றாகச் சுருங்குவதை நீங்கள் வேலையில் எங்காவது பார்த்திருக்கலாம்.

ஆனால் எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில். 4294967295-ஐக் காரணிப்படுத்திப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537. முதல் ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கினால், ஆறாவதற்கு இரண்டு குறைவாக வருகிறது! காரணம் சுலபம். 2³² − 1 என்பது (2¹⁶ − 1)(2¹⁶ + 1); அதில் முதல் பாதி மறுபடியும் அதே மாதிரி உடையும்; கடைசிவரை உடைத்தால் இந்த ஐந்தும் விழும். இதனால் ஒன்று கிடைக்கிறது: 257 என்பது 4294967295-ஐ வகுக்கிறது, எனவே இரண்டு தள்ளி இருக்கும் 4294967297-ஐ வகுத்தால் மீதி 2-தான் வரும். மேலே 257 ஆகாது என்று சொன்னேனே, காரணம் இதுதான்.

இதே எண்ணுக்கு வடிவியலிலும் ஒரு வேலை உண்டு. கவராயமும் அளவு குறிக்காத கோலும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரைய முடியும்? காஸ் 1796-இல், 18 வயதில், 17 பக்கப் பலகோணத்தை வரையலாம் என்று கண்டார். 1801-இல் பொது விதியைச் சொன்னார்: பக்க எண்ணிக்கை, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ, 2-இன் ஏதாவது ஓர் அடுக்காகவோ, இவை இரண்டையும் பெருக்கி வருவதாகவோ இருந்தால் வரையலாம். வேறு எதையும் வரைய முடியாது என்பதை 1837-இல் வான்ட்ஸெல் நிரூபித்தார். இப்போது மூன்று அண்டை வீட்டுக்காரர்களைப் பாருங்கள். 4294967295 பக்கம்: ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கல், வரையலாம். ஒற்றைப்படைப் பக்கங்களில் வரைய முடியும் என்று இன்று நமக்குத் தெரிந்தவற்றில் இதுவே மிகப் பெரியது. 4294967296 பக்கம்: 2-இன் அடுக்கு, சதுரத்திலிருந்து பாதி பாதியாக்கிக்கொண்டே போகலாம். 4294967297 பக்கம்: முடியவே முடியாது, 641 விடாது. காகிதத்தில் மூன்றுமே வட்டமாகத்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: 6700417-உம் பகா எண்தானா? அதையும் யாராவது பார்த்தார்களா?

பகா எண்தான். இதற்கும் அதே சல்லடை உதவும். 6700417-ஐ வகுப்பது எதுவும் பெரிய எண்ணையும் வகுக்கும், எனவே அதுவும் 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐத் தாண்டுகிறது. அதுவரை அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஏற்கெனவே கழிந்தது. மீதி நான்கிலும் வகுத்தால் 44, 120, 334, 622 என்று மீதி வரும். நாலே நாலு வகுத்தலில் ஏழு இலக்கப் பகா எண்ணுக்குச் சான்றிதழ். மலிவு!

கேள்வி: ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிந்தால் அது பகா எண் இல்லை என்று படித்தேன். உங்கள் எண்ணுக்கு இது பொருந்துமா?

அருமையான கேள்வி. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், அது ஒரே விதத்தில்தான் முடியும். (3² + 2²-ஐயும் 2² + 3²-ஐயும் ஒன்றாகவே எண்ணுகிறோம்.) இன்னொரு விதம் கிடைத்தால் அது பகு எண், காரணி தெரியாவிட்டாலும் சரி. நம்முடைய எண்ணுக்கு ஒரு விதம் பிறவியிலேயே இருக்கிறது: 65536² + 1². இன்னொன்று இதோ:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இந்த இரண்டையும் வைத்தே காரணியைக் கறந்துவிடலாம். பெரிய எண்களின் வித்தியாசம்: 65536 − 62264 = 3272. சிறிய எண்களின் வித்தியாசம்: 20449 − 1 = 20448. இரண்டையும் 8-ஆல் சுருக்கினால் 409, 2556. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 167281 + 6533136 = 6700417. காரணி கையில்!

இன்னொரு காரணி 641-க்கும் ஒரு வடிவம் உண்டு: 25² + 4². இந்த நான்கையும், 25, 4, 2556, 409, குறுக்கே பெருக்கிப் பாருங்கள். 25 × 2556 = 63900; 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. அடுத்து 25 × 409 = 10225; 4 × 2556 = 10224. கழித்தால் 1, கூட்டினால் 20449. இரண்டு வடிவங்களும் இந்த நான்கு எண்களுக்குள்ளிருந்துதான் வருகின்றன. 10225-உம் 10224-உம் ஒட்டி நிற்கும் அந்த இடம் இருக்கிறதே, அங்கேதான் ‘+1’ பிறக்கிறது. இன்னொரு கொசுறு: 20449 என்பது 143-இன் வர்க்கம். எனவே 4294967297 = 62264² + 143⁴. இதனால் எந்தப் பயனும் இல்லை. தெரிந்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: மனக்கணக்கில் இதை யாராவது உடைத்திருக்கிறார்களா?

ஜீரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன். 1812 வாக்கில், எட்டு வயதில், தந்தையோடு லண்டனுக்கு வந்து கணக்கு வித்தை காட்டினான். 4294967297-க்குக் காரணி உண்டா என்று கேட்டபோது 641 × 6700417 என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. எப்படிச் செய்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவன் மேலே சொன்ன சல்லடையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. எப்படியும் என்னால் முடியாது, எட்டு இலக்கக் கால்குலேட்டரோடுகூட.

கேள்வி: 641-க்கு வேறு சிறப்பு உண்டா?

10 கோடியை 641-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 154. 65536-ஐ வகுத்தபோது வந்த அதே 154! இது தற்செயல் இல்லை; 5⁴ + 2⁴ = 641 என்ற உறவின் விளைவு. 154-ஐ வர்க்கப்படுத்தி 1 கூட்டினால் வகுபடும் என்று முன்பே பார்த்தோம். எனவே 10 கோடியின் வர்க்கத்தோடு 1 கூட்டிய எண்ணையும், அதாவது 10000000000000001-ஐயும், 641 வகுக்கும். அதனால் 1-ஐ 641-ஆல் வகுத்தால் தசமத்தில் 32 இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும்: 0015600624024960 9984399375975039. முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை.

கேள்வி: இதற்கு அடுத்த ஃபெர்மா எண்களில் பகா எண் ஏதாவது உண்டா?

இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏழாவது எண் 18446744073709551617. அதை 274177 வகுக்கும். 1855-இல் கிளவுசன் ஒரு கடிதத்தில் காஸுக்கு எழுதினார், அது தெரியாமல் 1880-இல் லாண்ட்ரி தனியாகக் கண்டார். (274176-ஐ 256-ஆல் வகுத்துப் பாருங்கள், சல்லடை இங்கேயும் வேலை செய்கிறது.) 3-ஐ 0-ஆவது என்று எண்ணினால் நம்முடையது 5-ஆவது. 5-இலிருந்து 32 வரை எல்லாமே பகு எண்கள் என்று நிரூபித்தாகிவிட்டது. அவற்றில் 20-ஆவதும் 24-ஆவதும் விசித்திரம்: பகு எண் என்பது உறுதி, ஆனால் ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது. 33-ஆவது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்னும் திறந்த கேள்வி. அந்த எண்ணுக்குச் சுமார் 258 கோடி இலக்கங்கள். அதற்குக் காரணி தேடுகிறவர்கள் 2³⁵-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களை மட்டும் பார்த்தால் போதும். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பதே 3435 கோடியைத் தாண்டிய எண்.